நூலறிந்தவர்களும் கம்பி பிடித்தவர்களும்

இயந்திரம் வெட்டிய எழுத்தில் உயிர் இல்லை என்று சொல்வதற்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. அந்த இயந்திரத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. எழுத்து எப்படி வெட்டப்படுகிறது என்று அறிந்திருக்க வேண்டியதில்லை. கையால் வெட்டுபவர் எத்தனை மணி நேரம் குனிந்து கிடக்கிறார், அவருக்குக் கூலி என்ன என்று கேட்டிருக்கவும் வேண்டியதில்லை. குரலைச் சற்றுத் தாழ்த்தி, பார்வையைத் தொலைவில் எங்கோ நிறுத்தி, 'கை செத்துப்போயிற்று' என்றால் போதும், அரங்கம் தலையசைக்கும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடக்கும் இலக்கியக் கூட்டங்களில் இந்தத் தலையசைப்பைப் பலமுறை பார்த்துவிட்டேன். தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்து, அதையே கற்பித்துப் பிழைப்பவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதும் கடமை எனக்கு இருக்கிறது. பொறியியல் படித்த ஒருவர் எழுதினால் 'அவர் அப்படித்தான் சொல்வார்' என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

விவகாரம் இதுதான். ராஜபாளையத்தில் கல்யாண மேடை அலங்காரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், தெர்மோகோல் வெட்டும் இயந்திரம் ஒன்றை வீட்டின் பின்கட்டில் தானே செய்துகொண்டார். கணினியில் வரைந்த கோட்டின் வழியே சூடான கம்பி நகரும். தெர்மோகோல் உருகி வழிவிடும். உலகத்துக்கு இது புதிதன்று. விமான மாதிரிகள் செய்யும் பொழுதுபோக்காளர்கள் மேலைநாடுகளில் நெடுங்காலமாக இப்படித்தான் இறக்கை வெட்டுகிறார்கள். முன்பெல்லாம் பழைய கணினியில் பிரிண்டர் செருகும் இணைப்பின் வழியாக மோட்டார்களை ஓட்டினார்கள். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ பலகை பிறந்தது. 2009இல் நார்வேக்காரரான சிமென் ஸ்வாலெ ஸ்கொக்ஸ்ருட், ஜிஆர்பிஎல் என்ற நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதன்பிறகு சில நூறு ரூபாய்ப் பலகை ஒன்று போதும் என்றாயிற்று. நம் இளைஞர் செய்தது, உலகம் இலவசமாகக் கொடுத்ததை எடுத்து ஹார்டுவேர் கடைச் சாமான்களோடு சேர்த்தது. மேசை இழுப்பறைக்குப் போடும் சானல், எட்டு மில்லிமீட்டர் மரைக்கம்பி, பழைய கணினியிலிருந்து கழற்றிய மின்வழங்கி, நான்கு ஸ்டெப்பர் மோட்டார்கள், ஒரு மீட்டர் நிக்ரோம் கம்பி.

சாமான்களைச் சேர்ப்பது ஒரு வாரத்து வேலை. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் நம் இலக்கிய நண்பர்களுக்குத் தெரியவேண்டியது. 'பட்டனைத் தட்டினால் வெட்டிவிடும்' என்று நினைத்துக்கொண்டுதான் அவர்கள் பேசுகிறார்கள்.

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாகப் பிரித்துச் சுற்றும். எட்டு மில்லிமீட்டர் மரைக்கம்பியின் ஒரு சுற்று 1.25 மில்லிமீட்டர் நகர்வு. ஆக ஓர் அடிக்கு 0.00625 மில்லிமீட்டர். தாளில் கணக்குப் போட்டால் தலைமுடியைப் பத்தாகப் பிளக்கலாம். ஆனால் முதலில் வெட்டிய வட்டம் கோழிமுட்டை போல இருந்தது. காரணம் மரைக்கும் கம்பிக்கும் இடையே உள்ள தளர்வு. லேத் பட்டறைகளில் 'பிளே' என்பார்கள். வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த நட்டு இடப்பக்கம் திரும்பும்போது முதற்சில அடிகள் வெறுமனே சுற்றும், கம்பி நகராது. இரண்டு நட்டுகளை நடுவில் ஸ்பிரிங் வைத்து எதிரெதிராக அழுத்தி அந்தத் தளர்வை எடுத்தார்.

அடுத்தது கம்பி. நிக்ரோம் சூடானால் நீளும். ஒரு மீட்டர்க் கம்பி 250 பாகை அளவுக்குச் சூடேறினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். இரு முனையையும் இறுக்கிக் கட்டியிருந்தால் நடுவில் தொய்யும். தொய்ந்த கம்பி வெட்டும் பரப்பு வயிறு போட்டதுபோல் இருக்கும். ஆகவே முனையில் ஸ்பிரிங் வேண்டும். நீளும்போது இழுத்துக்கொள்ள வேண்டும், கம்பி அறுந்துபோகுமளவு இழுக்கவும் கூடாது. மூன்றாவதும் கொடுமையானதுமான சிக்கல் வேகம். கம்பி தெர்மோகோலைத் தொட்டு அறுக்கக் கூடாது. தன் வெப்பத்தால் முன்னே உருக்கிக்கொண்டே போகவேண்டும். வேகமாகப் போனால் நடுக்கம்பி பின்தங்கி வில்லாக வளையும், மூலைகள் மழுங்கும். மெதுவாகப் போனால் தேவைக்கு மேல் உருகும். மூலையில் ஒரு நொடி நின்றால் அங்கே ஒரு குழி விழும். கோபுரம் போல மேலே குறுகும் வடிவங்களில் இன்னொரு வம்பு: கம்பியின் ஒரு முனை நீண்ட தூரத்தையும் மறுமுனை குறைந்த தூரத்தையும் ஒரே நேரத்தில் கடக்கவேண்டும். மெதுவாகப் போகும் முனையில் உருகல் அதிகம். வேகத்துக்கு ஏற்ற சூடு, சூட்டுக்கு ஏற்ற வேகம் என்று இரண்டையும் ஒன்றுக்கொன்று சமன்செய்தாக வேண்டும்.

இதற்கு அவர் கைக்கொண்ட முறை எளியது. நூறு மில்லிமீட்டர்ச் சதுரம் ஒன்று வெட்டுவது, வெர்னியரால் நான்கு பக்கமும் அளப்பது, குறித்துக்கொள்வது, ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி வெட்டுவது. அளவு குறைந்தால் உருகி வீணானது எவ்வளவு என்று தெரியும். அதில் பாதியைக் கோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஈடுகட்டலாம். ஒரே சதுரத்தைக் காலையிலும் மாலையிலும் வெட்டியபோது அளவு மாறியது. கூரையில் சுற்றும் மின்விசிறிதான் காரணம் என்று கண்டுபிடிக்க அவருக்குச் சில நாட்கள் பிடித்தன. காற்று படும் பக்கம் கம்பி ஆறிவிடுகிறது. விசிறியை நிறுத்தினால் புகை தேங்குகிறது. பாலிஸ்டைரின் புகையை மூச்சில் ஏற்றுவது நல்லதில்லை. கடைசியில் விசிறியை நிறுத்தி, புகையை வெளியே இழுக்கும் சிறு விசிறி ஒன்றைச் சன்னலில் கம்பிக்கு நேரே வராதபடி பொருத்தினார். இவையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் தேதிவாரியாக இருக்கின்றன. அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளைக் குறித்துவைத்த பழைய பதிப்பாசிரியர்களின் நினைவு வந்தது. அதே பொறுமை, அதே சந்தேகம், தன் முதல் முடிவை நம்பாத அதே குணம்.

கை செத்துப்போயிற்று என்கிறவர்கள் கை எங்கே இருக்கிறது என்று தேடிப்பார்க்கவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நண்பர்கள் எப்போதும் ஆண்டாளின் கிளியைச் சான்று காட்டுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் அமரும் அந்தக் கிளி ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடல், என்று எல்லாம் தோட்டத்துப் பொருள். மறுநாள் வேறு கிளி. அந்தக் கைவேலை முன் நானும் வியந்து நிற்பவன்தான். ஆனால் அது எதற்குச் சான்று? அந்தக் கிளியின் இடத்தில் தெர்மோகோல் கிளியை வைக்கச் சொன்னவர் யார்? தெர்மோகோல் எழுத்து மரபுக் கலை ஒன்றின் இடத்தைப் பிடிக்கவில்லை. மின்சாரத்தில் சூடேறும் வில்கம்பியைக் கையில் பிடித்து, கார்பன் தாள் வைத்துப் படியெடுத்த எழுத்தின் மேல் நடுங்காமல் ஓட்டி வெட்டிய தினக்கூலி வேலையின் இடத்தைத்தான் பிடித்திருக்கிறது. அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் இந்த இளைஞரின் தந்தை. முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவெல்லாம் அந்தப் புகையில் உட்கார்ந்திருந்தவர். அவர் கை 'செத்துப்போனதற்கு' அவரே வருந்தவில்லை. பிழைப்புப் பறிபோகும் என்ற அச்சம் மற்ற வெட்டுநர்களுக்கு உண்டு. அது உண்மையான அச்சம். அதைப் பற்றிப் பேசலாம், பேசவேண்டும். ஆனால் நம் நண்பர்கள் பேசுவது அதைப் பற்றியன்று. கூலியைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் 'ஆன்மா'வைப் பற்றியது.

நம் இலக்கியத்திலேயே இந்த அலட்சியத்துக்கு இடமில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. நெடுநல்வாடையை முதுகலையில் எல்லோரும் படித்திருக்கிறோம். அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தில் நக்கீரர் என்ன செய்கிறார்? இரண்டு கோல்களை நட்டு, உச்சிவேளையில் நிழல் சாயாத நேரம் பார்த்துத் திசை குறிப்பதைச் சொல்கிறார். நுட்பமாகக் கயிறிட்டு அளந்து மனை வகுப்பதைச் சொல்கிறார். அந்தக் கயிறு பிடித்தவர்களுக்கு அவர் இடும் பெயர் புலவர். தமக்கு எந்தப் பெயரோ அதே பெயர். அரசியின் கட்டிலைச் சொல்லும்போது தந்தம் எத்தனை வயது யானையினுடையது என்பதுவரை சொல்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டி வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் சக்கரத்தின் ஆரத்தையும் வட்டையையும் ஒரு தச்சர் பார்ப்பது போலப் பார்க்கிறார். மலைபடுகடாத்தில் யாழ் எப்படிச் செய்யப்பட்டது என்று படித்தால் ஒன்றைச் செய்து பார்க்கலாமா என்று தோன்றும். இதையெல்லாம் 'வருணனை' என்று ஒரே சொல்லில் அடக்கித் தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு விற்றுவிட்டோம். செய்முறை தெரிந்த கண் அதில் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

நன்னூலின் பாயிரம் இன்னும் வெளிப்படை. நூல் என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லவந்த பவணந்தியார் போகுமிடம் இரண்டு பட்டறைகள். ஒன்று நூற்கும் பெண்ணின் இடம்: சொல் பஞ்சு, அறிவு கதிர். மற்றொன்று தச்சுப்பட்டறை: மரத்தின் கோணலை அடையாளம் காட்டும் எற்றுநூல். இலக்கண ஆசிரியருக்குத் தம் தொழிலைச் சொல்ல நூற்பவளும் தச்சரும் தேவைப்பட்டார்கள். நூற்பாலைகளின் ஊரில், கட்டுத்துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டியின் தறிச்சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இழை அறுந்தால் என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் நாம் நன்னூல் நடத்துகிறோம். இழுத்துக் கட்டிய கம்பியால் கோணல் பார்க்கிற இந்த இளைஞருக்கும் எற்றுநூல் பிடித்த தச்சருக்கும் இடையே எனக்கு அதிக தூரம் தெரியவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த முகச்சுளிப்பு? கைத்தொழில் செய்பவரை வெளித்திண்ணையோடு நிறுத்திய ஒரு சமூக வழக்கம், தன் பழைய பெயரை விட்டுவிட்டு 'கலையுணர்வு' என்ற புதுப்பெயரில் நம்மிடையே உலவுகிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்து நண்பர்களையும் விட்டுவைக்க முடியாது. இந்த இளைஞர் படித்தது பொறியியல். இறுதியாண்டுச் செய்திட்டமாக இதையே வைத்தார். கல்லூரியின் பெயர் வேண்டாம். எல்லாக் கல்லூரிகளின் பெயரும் அதற்குப் பொருந்தும். மரச்சட்டம், இழுப்பறைச் சானல், இன்சுலேஷன் டேப் எல்லாம் பார்த்த தேர்வாளர் 'தோற்றம் நேர்த்தியாக இல்லை' என்று மதிப்பெண் குறைத்தார். அதே நாளில் பளபளக்கும் அக்ரிலிக் பெட்டிகளில் வந்த வேறு செய்திட்டங்கள் நல்ல மதிப்பெண் பெற்றன. அவை எங்கே செய்யப்பட்டவை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிலையங்களை ஒட்டிய மாடிகளில் 'பிராஜெக்ட் சென்டர்' பலகைகளைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் உண்டா? இயந்திரம், அறிக்கை, வாய்மொழித் தேர்வுக்கான கேள்வி பதில் எல்லாம் ஒரே விலையில். அங்கே வாங்கிய இயந்திரத்தில் 'பிளே' எங்கே இருக்கிறது என்று கேட்டால் வாங்கிய மாணவருக்குத் தெரியாது. கேட்பதற்கும் யாரும் இல்லை.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அமைத்த ஜி.டி. நாயுடு, நான்காண்டுப் பொறியியல் படிப்பு மாணவரின் காலத்தை வீணடிப்பது என்றார். பட்டறையில் கற்றால் அதில் பாதிக்காலம் போதும் என்று வாதாடி, ஒத்துக்கொள்ளாத அரசோடு முரண்பட்டு வெளியேறினார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் அவர். (இன்னொருவரையும் சொல்லலாம். எண்களால் இயந்திரத்தை இயக்கும் முறைக்கு வித்திட்ட அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், கல்லூரிப் பட்டம் இல்லாதவர். ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவை எண்களின் வரிசையாக மாற்றி வெட்டவேண்டும் என்பது அவருக்கிருந்த தேவை. 1952இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அந்த முறையில் ஓர் இயந்திரம் ஓடிக் காட்டப்பட்டது. இறக்கையில் தொடங்கிய அந்தக் கதையின் ஒரு கிளைதான் ராஜபாளையத்துப் பின்கட்டில் ஓடுகிறது.) நாயுடுவின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் கல்லூரிகளிலேயே இன்சுலேஷன் டேப்பைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்.

தெர்மோகோல் என்றாலே நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும் என்பதையும் அறிவேன். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அவற்றைக் கரைசேர்த்தது. நாடே சிரித்தது. இலக்கிய வட்டாரமும் சிரித்து முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனது. எனக்குச் சிரிப்போடு ஓர் எரிச்சலும் வந்தது. நீர்ப்பரப்பை மூடி ஆவியாதலைக் குறைப்பது மடமையான எண்ணம் அன்று. 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை விட்டார்கள். வெயில்பட்டு நீரில் வேண்டாத வேதிப்பொருள் உண்டாவதைத் தடுப்பது முதல் நோக்கம். ஆவியாதல் குறைவது கூடுதல் பயன். அந்தப் பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் அடைத்திருந்தார்கள், காற்றில் பறக்காதிருக்க. வேறுபாடு அவ்வளவுதான். வைகையில் குறைந்தது அறிவியல் என்பதைவிட, முதலில் ஒரு கண்மாய் மூலையில் நான்கு அட்டையை விட்டு, ஒருநாள் காற்றடிக்கக் காத்திருந்து பார்க்கும் பழக்கம் என்பேன். நூறு மில்லிமீட்டர்ச் சதுரத்தை மறுபடி மறுபடி வெட்டி அளக்கிறவரிடம் அந்தப் பழக்கம் இருக்கிறது. சிரித்தவர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

தெர்மோகோல் மண்ணுக்குக் கேடு என்ற வாதத்தை மறுக்கமாட்டேன். 2019 சனவரி முதல் தெர்மோகோல் தட்டும் குவளையும் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. மேடை எழுத்துக்கும் ஒருநாள் தடை வந்தால் நல்லதே. அப்போது அதே மோட்டார்களும் அதே நிரலும் கம்பிக்குப் பதில் வேறொரு கருவியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கையால் வெட்டிய தெர்மோகோல் குப்பை மட்டும் மக்கிவிடும் என்பதுபோல் இயந்திரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று.

கடைசியாக, தமிழாசிரியர்கள் உண்மையிலேயே அக்கறை கொள்ளவேண்டிய ஒரு செய்தி இந்த இயந்திரத்தில் இருக்கிறது; அதைப் பேசத்தான் ஆளில்லை. சூடான கம்பி விளிம்பிலிருந்துதான் நுழைய முடியும். அந்தரத்தில் துளை போட முடியாது. ட, ப போன்ற எழுத்துகளை ஒரே ஓட்டத்தில் சுற்றி வந்துவிடும். ன, ண என்று சுழி வந்தால் உள்வட்டத்தை எடுக்க எங்காவது ஒரு கீறல் போட்டு உள்ளே போய், அதே கீறல் வழியே திரும்பவேண்டும். கீறலை எங்கே வைத்தால் எழுத்தின் வடிவம் கெடாது என்பது கணினிக்குத் தெரியாது. எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கை எந்தத் திசையில் சுழிக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். எழுதும்போது கோடு தன்னையே தொடும் இடத்தில் கீறினால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று நம் இளைஞர் பல எழுத்துகளை வெட்டிப்பார்த்துக் கண்டுகொண்டார். தமிழ்த்துறையில் எழுத்தியல் நடத்தும் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. அவரும் நம்மிடம் வந்து கேட்கவேண்டும் என்று நினைக்கவில்லை. நம்மிடம் விடை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

கருவி எழுத்தை மாற்றும் என்பது நமக்குப் புதிய செய்தியா? ஓலையில் எழுத்தாணி பிடித்தவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவர் இடம்பார்த்துத் தெரிந்துகொண்டார். தொல்காப்பியர் எகர ஒகரக் குறிலுக்குச் சொன்ன புள்ளி ஓலையில் நிலைக்காததால்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் அமைக்கவேண்டி வந்தது. 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் யானைத் துதிக்கை போலச் சுருண்ட பழைய ஐகாரக் குறி போனதற்கு அச்சுக்கோப்பின் வசதியும் ஒரு காரணம். இப்போது கம்பியின் முறை. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாத தனித்தீவு. வெட்டியதும் தரையில் விழுந்து உருண்டுவிடும். ஃ வந்தால் மூன்று துண்டுகள். புள்ளியையும் எழுத்தையும் மெல்லிய பாலமொன்றால் இணைத்துவிடலாமா என்று அவர் முதலில் யோசித்தார், வெட்டிப் பார்த்தார், அது எழுத்தாக இல்லை, கொம்பு முளைத்ததுபோல் இருக்கிறது என்று தானே கைவிட்டார். இன்று புள்ளிகளைத் தனியாக வெட்டி, எழுத்தின் உயரத்துக்கேற்ப அளவுவாரியாக டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறார். பின்னால் அட்டை வைத்து, வெள்ளை ஃபெவிக்காலால் ஒவ்வொன்றாக அவர் தந்தை ஒட்டுகிறார். கரைப்பான் கலந்த பசை என்றால் தெர்மோகோல் கரைந்துவிடும். எழுத்துக்கு மேலே எவ்வளவு இடைவெளி விட்டுப் புள்ளி வைப்பது என்பதற்கு மட்டும் இதுவரை அளவு எதுவும் குறிக்கவில்லை. அதை அவர் கண்ணளவில் வைக்கிறார்.